மணல்மேட்டுச் சமாதானம்

லகாட் ஊரில் ஈயம் தோண்டி முடித்துவிட்டுப் போன லம்பம் என்ற பழைய சுரங்கத்தில் வெள்ளை மணல் மட்டும்தான் மிச்சம். பெரியவர்களுக்கு அது ஒன்றுக்கும் உதவாத இடம். 1977ஆம் வருடக் கடைசி விடுமுறையில், பதினோரு வயது நவமணிக்கு அதுதான் பாலைவனம்.

எல்லாம் பாலாய் ராயாவில் பார்த்த படத்தால் வந்த வினை. அந்தப் பொது மண்டபத்துத் தொலைக்காட்சியில், சனிக்கிழமை மாலை ஓர் ஆங்கிலக் குதிரைப்படைப் படம் போட்டார்கள். கீழே ஓடிய மலாய் எழுத்துகளைப் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து சத்தமாகப் படித்துக் கதை சொன்னான். பாதிக் கதை அவனே சேர்த்தது.

படத்தில் ஒரு கேப்டன் வெள்ளைக் கொடியோடு தனியாகப் பாலைவனத்தைத் தாண்டிப் போகிறான். மலைமேல் இருக்கும் தலைவன் அவன் பேச்சை நம்பி, ஆயுதத்தைப் போட்டுவிட்டு இறங்கி வருகிறான். சமாதானம் ஆகிறது. படமும் முடிந்துவிடுகிறது.

மறுநாளே விளையாட்டு ஆரம்பமானது. தென்னை மட்டைதான் குதிரை. நவமணியின் அண்ணன் மாயாண்டி ஜெனரல்; அவனுக்கு வாய் பெரிது என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நவமணி கேப்டன். பிச்சைமுத்துதான் மொத்தப் படையும்.

எதிரித் தலைவன் கார்த்திகேசு. அரசாங்கக் குவாட்டர்ஸில் இருப்பவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தன் வயதுப் பெண்ணான நவமணியை அவன் "நீர்" என்று கூப்பிட்டதைக் கேட்டு, முதல் நாள் அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் அது அவளுக்குப் பிடித்துப்போனது.

அவன் தனி ஆளாக மணல்மேட்டின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு களிமண் உருண்டைகளை வீசினான். குறி தப்பவே இல்லை. மூன்று நாளாகியும் குதிரைப்படையால் மேட்டைப் பிடிக்க முடியவில்லை. நான்காம் நாள், அப்பாவின் வெள்ளை பனியனை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு நவமணி போனாள்.

"தலைவரே, இறங்கி வாங்க. பேசலாம்."

"இறங்கினால் அடிக்க மாட்டீங்களோ?"

"மாட்டோம். சத்தியமா."

கார்த்திகேசு உருண்டைகளையெல்லாம் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு இறங்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் நவமணி அதைப் பார்த்தாள். லாலாங் புல்லுக்குப் பின்னால் மாயாண்டியின் தலை. பக்கத்தில் பிச்சைமுத்துவின் முதுகு. இருவர் கையிலும் உருண்டைகள்.

"வராதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் இத்தனை நாள் கிடைக்காத மேடு இதோ கிடைக்கப் போகிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

உருண்டைகள் பறந்தன. ஒன்றுக்குள் கல் இருந்திருக்க வேண்டும். கார்த்திகேசுவின் புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் அழவில்லை. நவமணியை ஒருமுறை பார்த்தான். பிறகு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

"மேட்டப் பிடிச்சாச்சு லா," என்றான் மாயாண்டி.

"நான் சத்தியம் பண்ணேன்ல அண்ணே?"

"நீதான பண்ண, நானா பண்ணேன்? சமாதானம் ஆச்சுன்னா படம் முடிஞ்சிரும் லா. அப்புறம் எத விளையாடுறது?"

மேட்டின் உச்சியில் நின்று பார்த்தாள் நவமணி. அங்கே ஒன்றுமே இல்லை. இதற்காகவா என்று இருந்தது.

இரண்டு நாள் கார்த்திகேசு வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிச்சைமுத்து செய்தியோடு வந்தான்.

"அவன வீட்டுல வெளிய விடலையாம். மரத்துல ஏறி விழுந்துட்டேன்னு அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். சொல்லாம மரமேறுனதுக்குத் தண்டன. ஞாயித்துக்கிழம அவங்க தைப்பிங்குக்கே போறாங்க, அப்பாவுக்கு மாத்தலாம். நல்லவேள, நம்மள மாட்டிவிடல."

மாட்டிவிட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நவமணிக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"அங்க போய்ச் சொன்னீன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்," என்றான் மாயாண்டி. "அப்புறம் பிரம்புதான்."

"தெரியட்டும் அண்ணே."

கார்த்திகேசுவின் அம்மா சந்திரமதி வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கூடமெல்லாம் கட்டி வைத்த பெட்டிகள்.

"ஆர் பிள்ளை? என்ன வேணும்?"

வழியெல்லாம் நவமணி அழகான ஒரு பேச்சைத் தயாரித்திருந்தாள். அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஆன்ட்டி, கார்த்திகேசு மரத்துல ஏறல. நாங்கதான் அடிச்சோம். அடிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணி நான்தான் அவன இறங்க வெச்சேன். அவன உள்ள வைக்காதீங்க."

"இதை வந்து சொல்லச் சொல்லி அவன் கேட்டவனோ?"

"இல்ல ஆன்ட்டி."

"உம்மட வீட்டில தெரியுமோ?"

"இனிமேதான் தெரியும்."

சந்திரமதி கதவை இன்னும் அகலத் திறந்தார். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, இஞ்ச வா. ஆறு மணிக்குள்ள வந்திட வேணும்," என்றார்.

நெற்றியில் பிளாஸ்டரோடு கார்த்திகேசு வெளியே வந்தான். இருவரும் லம்பத்துப் பக்கம் நடந்தார்கள். பாதி வழியில் அவன் கேட்டான்.

"அவை ரெண்டு பேரும் ஒளிச்சிருந்தது உமக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். பொய்யென்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"மொதல்ல தெரியாது. நீ இறங்குறப்ப பாத்தேன். பாத்துட்டும் சொல்லல. மன்னிச்சிரு."

அவன் நடந்துகொண்டே இருந்தான். மணல்மேட்டின் அடியில் வந்ததும் நின்றுவிட்டான்.

"நீர் முன்னால போம். நான் பின்னால வாறன்."

நவமணிக்குச் சுருக்கென்றது. அவளுக்கு முதுகைக் காட்டி நடக்க அவனுக்குப் பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தது அவள்தான்.

அவள் முன்னால் ஏறினாள். கால் வைத்த இடமெல்லாம் மணல் சரிந்தது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை. வருகிறானா, வீட்டுக்கே போய்விட்டானா என்றும் தெரியவில்லை.

பாதி மேடு ஏறியபோது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அது மெல்ல மெல்ல நெருங்கியது. உச்சியை அடைந்தபோது, கார்த்திகேசு அவளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தான்.