மேல் அறைக்குப் போகும் ஒயர்

ரிப்பேர்காரர் அந்த வீட்டு மணியை அழுத்தியபோது மத்தியானம் மூன்று மணி. அன்றைக்கு அது ஏழாவது வீடு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். வானம் மூடிக்கொண்டு, பெய்யவும் மனசில்லாமல் விலகவும் மனசில்லாமல் நின்றது. பழைய மாடி வீடு. மேல் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தோளில் தொங்கிய பை இருபது வருஷமாக அதே பைதான், ஆனால் இந்த வருஷம்தான் அது இப்படிக் கனக்கிறது.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். தூக்கத்தைப் பார்த்துப் பல நாள் ஆன முகம்.

"வாங்க சார். கொஞ்சம் சத்தம் போடாம வாங்க. மேல தம்பி இருக்கான்."

மாடியில் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்ப வந்தது.

மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஃபயர்வாலாக மாற்றி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் இன்டர்நெட்டை வாசலிலேயே மடக்கி, நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்டு அனுப்புகிற காவல்கார வேலை அதற்கு. அதிலிருந்து ஒரே ஒரு நீல ஒயர் சுவரோரமாக ஏறி மாடிக்குப் போயிற்று.

"என்னக்கா பண்ணுது?"

"ஆன் பண்ணா எழுந்திருக்குது. ஒரு நிமிஷம் ஓடுது, அப்புறம் பொசுக்குன்னு விழுந்துடுது. மறுபடி அதுவா எழுந்திருக்கும், மறுபடி விழும். நேத்து காலையிலேருந்து இதே கூத்துதான்."

"இந்தப் பெட்டி இல்லாம நேரா லைனைக் குடுத்துட்டா என்ன? அஞ்சு நிமிஷ வேலை."

"ஐயோ, வேணாம்!" அக்கா பதறிவிட்டாள். "தம்பி அவன் கையால செஞ்சு வெச்சது. வேற எது வழியாக் குடுத்தாலும் அவன் வேலை செய்யமாட்டான். இன்னிக்கு லைன் வரலேன்னா அவன் இந்த வீட்டை விட்டே போயிடுவான் சார். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க."

நெட் இல்லாத வீட்டில் ஒரு மணி நேரம் உட்காராத பிள்ளைகளை ரிப்பேர்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். முழங்கால் இரண்டும் முனகின.

தூசியை ஊதினார். விசிறியைத் துடைத்தார். மெமரியைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார், பிறகு தன்னிடமிருந்த வேறொன்றை மாட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே கதை. பெட்டியோடு மாட்டியிருந்த சின்னக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். மேல் அறை ஒயரை எழுப்புகிற வரி வந்ததும் திரை ஒரு முறை வெட்டும். அவ்வளவுதான், இருட்டு.

ஒவ்வொரு முறை அது விழும்போதும் மாடியில் ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து விடுகிற மூச்சு.

"தம்பிக்கு ரொம்ப வேலையோ?"

"எப்பவும்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போனாள்.

கோளாறு பிடிபடாதபோது ரிப்பேர்காரருக்கு ஒரே வழிதான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் சரியாகிறதோ, நோய் அங்கே. நீல ஒயரைப் பிடுங்கினார். பெட்டி சமர்த்தாக எழுந்து நின்றது. திரும்பச் செருகினார். விழுந்தது. சரி, ஒயர்தான் கெட்டது என்று வேறு ஒயர் போட்டார். விழுந்தது. ஒயர் வந்து சேரும் கார்டையே மாற்றினார். அதற்கும் விழுந்தது.

"அடச் சே!" என்றார் வாய்விட்டு. எனக்கு மட்டும்தான் இப்படி வாய்க்குமா என்று அலுத்துக்கொண்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார். அந்த வீட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்த, ஃபயர்வால் மென்பொருள் மட்டும் ஏற்றிய புது டிஸ்க்கை மாட்டினார். இந்த வீட்டைப் பற்றி ஒரு எழுத்துகூட அறியாத டிஸ்க். மேல் அறை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

எழுத்துகள் ஓடின. அதே இடம் வந்தது.

திரை வெட்டியது.

விழுந்தது.

மாடியில் மூச்சு.

ரிப்பேர்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சூடேறிய கம்ப்யூட்டர் வாசனை அவருக்குப் பழக்கம்தான். அதற்கு அடியில் இன்னொரு வாசனை படியிறங்கி வந்துகொண்டிருந்தது. பல நாள் துவைக்காத தலையணை உறையின் வாசனை.

வெட்டுகிற நேரத்தில் திரையில் ஏதோ ஒரு வரி வந்து போவது கண்ணில் பட்டது. படிக்க முடியாத வேகம். இப்படிப்பட்ட சமயத்துக்கு எல்லா ரிப்பேர்காரர்களும் செய்வதையே அவரும் செய்தார். செல்போனில் திரையை வீடியோ எடுத்து, மெதுவாக, மிக மெதுவாக நகர்த்திப் பார்த்து, அந்த இடத்தில் நிறுத்தினார்.

ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

அக்கா, கொஞ்சம் தூங்கிக்கிறேன்.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கோபமும் வந்தது. ஏழு வீடு ஏறி இறங்கியவனிடமா விளையாட்டு? விறுவிறுவென்று மாடியேறினார். "தம்பி, என்னப்பா இது?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளினார்.

மேஜை. விளக்கெரியும் இரண்டு திரைகள். ஒரு மூலையில் மெத்தை இல்லாத கட்டில், அதன்மேல் அட்டைப் பெட்டிகள். தரையில் மாதக்கணக்கில் படிந்த தூசி. அதில் நாற்காலிச் சக்கரங்களின் தடம் உண்டு, ஒரு காலடித் தடம்கூட இல்லை. கீபோர்டில் மட்டும் தூசி இல்லை. எழுத்துகள் தேய்ந்து பளபளவென்று இருந்தன.

நாற்காலியில் யாருமில்லை. ஆனால் இருக்கை அமுங்கியிருந்தது. முதுகுப் பக்கம் பின்னால் சாய்ந்திருந்தது.

அது நிமிர்ந்தது.

மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

ரிப்பேர்காரர் எப்படிக் கீழே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. படியின் அடியில், கையில் தண்ணீர் டம்ளரோடு அக்கா நின்றிருந்தாள். அவர் வெளிறிப்போய் நீட்டிய செல்போனை அவள் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"நேத்துலேருந்து நீங்க நாலாவது ஆள்" என்றாள். "முன்னாடி வந்தவங்க யாரும் மேல போகல."

"அக்கா... தம்பி..."

"போய் எட்டு மாசம் ஆச்சு. அந்த நாற்காலியிலயேதான்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குரல் எழும்பவே இல்லை. "மூணு நாள் தொடர்ந்து உக்காந்திருந்தான். நாலாம் நாள் மத்தியானம் இறங்கி வந்து, இதோ இந்த இடத்துல நின்னு, அக்கா, கொஞ்சம் தூங்கிக்கிறேன்னான். நான்தான், எடுத்த வேலைய முடிச்சிட்டுத் தூங்குடான்னு சொல்லி மேல அனுப்பினேன். பாவி நான். நான்தான் அனுப்பினேன்."

 ரிப்பேர்காரர் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் படியில் வைத்தார்.

"பத்து நாள் கழிச்சு டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. லைன் இருந்தா அடிக்கிறான். லைன் போச்சுன்னா நிறுத்திடுறான். நிறுத்தினா போயிடுவானே சார். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும்தானே எனக்குத் தம்பி இருக்கான்?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. "குடுத்துடுங்க சார். உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்."

ஓடியிருக்கலாம். கதவு நாலடியில் இருந்தது. ஆனால் பெட்டி வயிறு திறந்து கிடந்தது, இருபது வருஷத்தில் எந்த வேலையையும் அவர் பாதியில் போட்டுவிட்டுப் போனதில்லை. இந்த வீட்டைவிட்டுப் போகச் சீக்கிரமான வழி இதை முடிப்பதுதான் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிற்று. பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டி, என்ன பிழை வந்தாலும் விழாதே, தாண்டிப் போ என்று பெட்டிக்குக் கட்டளை எழுதினார். மூன்று முறை தப்பாக அடித்தார். நாலாம் முறை சரியாக வந்தது.

பெட்டி எழுந்தது. அந்த வரி வந்தது. திரை வெட்டியது.

விழவில்லை.

மாடியில் நாற்காலி இழுபட்டது. டைப் அடிக்கும் சத்தம் ஆரம்பித்தது. அக்கா கண்ணை மூடி, "அப்பாடா" என்றாள்.

கீழே திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின.

அக்கா, கொஞ்சம் தூங்கிக்கிறேன்.

அக்கா, கொஞ்சம் தூங்கிக்கிறேன்.

அக்கா, கொஞ்சம்

திரை நிறைந்து வழிந்து மேலே ஓடியது. மாடியில் விரல்கள் வேகம் பிடித்தன. ஒரு மனுஷன் அடிக்கக்கூடிய வேகம் இல்லை அது. சுவரில் நீல ஒயர் துடித்தது. சத்தம் கூரையில், படியில், அவர் பல்லுக்குள் எல்லாம் கேட்டது. நடுநடுவே அந்த மூச்சு, இப்போது சாய்ந்து விடும் மூச்சாக இல்லை. இரைக்கும் மூச்சு.

"அக்கா, கண்ணத் திறந்து பாருங்க" என்றார் ரிப்பேர்காரர். "பாவம்க்கா அவரு. இந்தப் பெட்டி கெட்டே போகல. நேத்துலேருந்து அவருதான் விழ வெச்சிட்டிருக்காரு."

அவள் பார்த்தாள். வரி வரியாக, உதடு அசைய, படித்தாள்.

"கழட்டினா போயிடுவான்."

"எனக்குத் தெரியலக்கா. ஆனா இப்படி வெச்சிருக்க முடியாது. நானும் நாள் பூரா உழைக்கிறவன்தான், அந்த மூச்சு எனக்குத் தெரியும்." அவர் பெட்டியைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "நான் கழட்டக்கூடாது. அவரு உங்ககிட்டதான் கேக்குறாரு."

அக்கா தவழ்ந்துதான் வந்தாள். நீல ஒயரைப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"போய்த் தூங்குடா" என்றாள். பிடுங்கினாள்.

சத்தம் நின்றது.

பெட்டியின் விசிறி மட்டும் சுற்றியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அக்கா மாடியைப் பார்த்தபடி காத்திருந்தாள். மூச்சு இல்லை. நாற்காலிச் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ரிப்பேர்காரருக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்போது மேல்படி கிரீச்சிட்டது.

அடுத்த படி.

அடுத்தது.

உடம்பில் தெம்பே இல்லாத ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற நடை. அவர்கள் இருவரையும் கடந்து போனபோது ரிப்பேர்காரரின் சட்டைக்கை லேசாக அசைந்தது. வாசல் பக்கம் போகும் என்று அக்கா நினைத்தாள் போலிருக்கிறது, "டேய்" என்று கை நீட்டினாள். நடை வாசலுக்குப் போகவில்லை. கூடத்துக்குள் திரும்பியது. அங்கிருந்த நீள சோபாவின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக முனகி அமுங்கின.

பிறகு, மெல்லிய குறட்டை.

ரிப்பேர்காரர் பையைக்கூட மூடாமல் சுவரோடு ஒட்டி வாசலுக்கு நகர்ந்தார். அக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாக இருந்த சோபாவின்மேல் அதை உதறிப் போர்த்தினாள்.

போர்வை சோபாவில் படியவில்லை. ஒரு ஆள் உயரத்துக்கு மேடாக நின்று, நிதானமாக ஏறி இறங்கியது.