ராக்கையாவின் கை நிறம்

நொய்யல் கரைச் சுவரில் ஓவியம் வரையப்போகிறார்கள் என்றதுமே எங்கள் வீதிக்கு வேலை ஓடவில்லை. சாயப்பட்டறை, வாஷிங் யூனிட் என்று ஆற்றங்கரையிலேயே பிழைக்கும் சனத்தைக் கொண்டாடப்போகிறார்களாம். கொண்டாடும்படி நாங்கள் என்ன செய்தோம் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அன்று லேசான தூறல்... ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷிப்ட் முடித்து ஆஷா வந்துகொண்டிருந்தாள். சாரத்தின் மேலிருந்து ஒரு சொட்டு நீலம் நேராக அவள் நெற்றியில் விழுந்தது. நிமிர்ந்தாள். மழை தங்கிய இமைகள்... நடுவில் கோபமாய் இரண்டு கருவிழிகள். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்திருந்த கவினுக்குக் கையில் தூரிகை இருந்ததே மறந்துபோனதாம். பெட்டிக்கடை நல்லம்மாள் சொல்வாள். அவள் பார்க்காதது எது?

"தெரியாம சிந்திருச்சுங்க."

"சிந்துனது போகட்டும். செவுத்துல நீங்க வரைஞ்ச அந்தச் சாயக்காரரு கை ஏன் இம்புட்டு வெளுப்பா இருக்கு?"

"கை... கை மாதிரித்தானுங்க இருக்குது?"

"சாயத்துல நிக்கிறவுக கையில முழங்கை வரைக்கும் கலர் ஏறிக் கெடக்கும். தேச்சாலும் போகாது. எங்க லேபுல சாம்பிள் துணியில நான் ஓகேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் கலரு மெஷினுக்கே போகும். இது எங்கிட்ட வந்திருந்தா ரிஜெக்ட்."

"அப்ப நாளைக்கும் வந்து ரிஜெக்ட் பண்ணுங்க."

வந்தாள். மறுநாளும்... அதற்கு மறுநாளும். கலர் சரிபார்க்க என்றாள். கலர் சரிபார்க்கத் தலை நிறைய மல்லிகை எதற்கு என்று நாங்கள் கேட்டோம். அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள், மனதில் இருந்ததைச் சொன்னாள். அவள் அப்பா ராக்கையா மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர். ஏறவில்லை. குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று பட்டறையில் போலீசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த மனிதர், டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. வீதிக்கே அது தெரியும். போய்ச் சொல்லத்தான் எங்கள் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை...

"எங்க அய்யாவை இங்க வரைவீகளா? வேலை செஞ்ச மனுசன்னு நாலு பேரு பாக்கணும். குடிகாரன்னு இல்ல."

"வரையறனுங்க."

இருந்த ஒரே படம், கம்பெனி கொடுத்த அடையாள அட்டை. கவின் அதை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மேலே அச்சடித்திருந்தது அவன் அப்பா கிட்டுசாமியின் பட்டறைப் பெயர். சொல்ல வாயெடுத்தான்... அவள் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டான்.

இரண்டே நாளில் கிட்டுசாமி காரில் வந்து இறங்கினார். சுவர்ச் செலவில் பாதி அவருடையது.

"அந்த ஒரு மூஞ்சி மட்டும் வேண்டாங் கண்ணு. தொறப்பு விழாவுக்கு துணி வாங்கற வெளிநாட்டு பையர் வர்றாங்க."

"அப்பா, அவரு குடிக்கறவரே இல்லீங்களாமா."

"அது தெரியாமயா எழுதிக் குடுத்தேன்?"

நல்லம்மாள் கடையில் நின்றிருந்த ஆஷாவுக்கு 'அப்பா'வும் கேட்டது, அடுத்ததும் கேட்டது. கார் போனதும் வந்து கையை நீட்டினாள்.

"அட்டையைக் குடுங்க. பாத்தப்பவே சொல்லிருக்கலாம்."

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு..."

"இப்ப மட்டும் வருவேனாக்கும்?"

எட்டு நாள் வரவில்லை. கவின் நினைவிலிருந்தே வரைந்தான். ராக்கையாவின் முகம் எழுந்தது. கீழே எழுத்து: 'ராக்கையா. குடிக்காதவர். தொட்டிக்குள் இறக்கப்பட்டவர்.' கைகளை மட்டும் வெறும் கோடாக விட்டுவைத்தான். அந்தக் கலரை அவள்தான் சொல்ல வேண்டும்...

இனி ஊட்டுப்பக்கம் வராதே என்று கிட்டுசாமி சொல்லிவிட்டார். மறுநாள் காலை வெள்ளையடிக்க ஆள் வருகிறதாம். அன்று சாயங்காலம் ஆஷா ஒரு டப்பாவோடு வந்தாள். கவினைப் பார்க்கவே இல்லை. தூரிகையை வாங்கி, அப்பாவின் கைகளுக்கு முழங்கை வரை கருநீலம் பூசினாள்.

"விடிஞ்சா வெள்ளையடிச்சிருவாங்களுங்க."

"அடிக்கட்டும். இது பெயிண்ட் இல்ல, சாயம். ஃபிக்ஸ் பண்ணாத சாயம்."

பட்டறைக்காரர் மகனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டுமா?

காலையில் இரண்டு கோட் அடித்தார்கள். முகம் போயிற்று, பெயர் போயிற்று. மதியம் தூறல். முதலில் விரல் நுனிகள்... பிறகு மணிக்கட்டு... ஈரத்தில் சாயம் இளகி, வெள்ளைச் சுவரில் இரண்டு கருநீலக் கைகள் ஊறி ஊறி மேலே வந்தன. மூன்றாவது கோட் அடித்தார்கள். அதிலும் ஊறின. முப்பது வருடமாகச் சாயம் போடும் கிட்டுசாமி காரை விட்டு இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

"ஏனுங்க... எனக்கு இப்ப ஊடும் இல்லீங்க, செவுரும் இல்லீங்க. சொல்றதுக்கு இது நேரமும் இல்ல. ஆனா மொத நாளு நீங்க நிமிந்து பாத்தீங்களே... அப்பவே நான்..."

ஆஷா பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். கருநீலம். ஓரத்தில் அவள் கையெழுத்து.

"ஓகே போட்டிருக்கேன்."

"கலருக்குங்களா?"

"கலருக்கும்தான்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல ஏறி எங்க அய்யா பேரை எழுதுங்க."

ஏறினான். சாரம் ஆடியது. நல்லம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே நாங்களும் போனோம். மூன்று வருடம் கழித்து, எங்கள் வீதிக்கு நேரம் வாய்த்தது.