பெயரில்லாத பெட்டி

காலை ஆனதும் அடுக்ககத்தின் எல்லா வீடுகளிலும் சுவர்த்திரை விழித்துக்கொள்ளும், காலைப்படிவம் வரும். உணவு, மருந்து, உடை என்று அந்தந்தப் பெட்டியில் எழுதினால் போதும். மையவழங்கி என்ற பெருங்கணினியில் ஓடும் நிரல் படித்துவிட்டுக் கேட்டதைப் பறக்கும் வண்டியில் ஜன்னலுக்கே அனுப்பிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே நகரத்தில் இல்லாமல் போயிருந்தது.

கடைசிப் பெட்டி மட்டும், 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்கும். படிவங்களைப் பராமரிக்கும் பெனிலா அதில் வருஷக்கணக்காக எழுதிவந்தாள். யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு கனவுகளைக்கூட எழுதினாள். பதில் வந்ததே இல்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் படிவத்தின் மூலநிரலைத் திறந்தாள். மற்ற பெட்டிகளுக்கெல்லாம் நிரலில் ஒரு பெயர் இருந்தது, இதற்கு இல்லை. பெயரில்லாத பெட்டியில் எழுதியதைத் திரை அனுப்பாது. அப்படி ஒரு பெட்டி இருப்பதே வழங்கிக்குத் தெரியாது.

'மனம்' என்று பெயர் வைத்தாள். அதைப் படித்துப் பதில் சொல்லும்படி நிரலிலும் சேர்த்தாள். மறுநாள் எழுதி அனுப்பினாள். திரையில் பதில் வந்தது.

'தங்கள் தனிமை பதிவு செய்யப்பட்டது. மாத்திரை புறப்பட்டுவிட்டது.'

அதையே வெறித்துக்கொண்டிருந்தபோது பராமரிப்பு அழைப்பு ஒலித்தது. ஒரு மனிதக் குரல். பன்னிரண்டாவது மாடி, ஆறுமுகப்பெருமாள் என்றார்.

"அம்மா, கடைசிப் பெட்டி பதில் பேச ஆரம்பிச்சிருச்சு."

"நல்லதுதானே ஐயா?"

"என் சம்சாரம் வடிவு தவறினதுலேருந்து அதுலதான் அவகிட்டப் பேசுவேன். இன்னைக்கு, 'வடிவு உயிருடன் இல்லை, பெயரைச் சரிபார்க்கவும்'னு வருது."

"ஐயா, நீங்க எழுதினது இதுவரைக்கும் எங்கேயுமே போகலை."

"தெரியும்மா. யாரும் படிக்க மாட்டாங்கன்னுதானே எழுதினேன். பழையபடி ஆக்கிக் குடுங்க."

அவள் பெயரை அழித்தாள். அவர் எழுதிப் பார்ப்பது கேட்டது.

"பெட்டி ஒண்ணும் சொல்லலை. நல்லா இருப்பீங்கம்மா."

"ஐயா..." என்றாள் அவசரமாக. "நாளைக்கும் நான் உங்ககூடப் பேசலாமா?"

"எதுக்கும்மா சிரமம்? ஏதாவது சொல்லணும்னா அந்தப் பெட்டியில எழுதுங்க. மனசு லேசாயிடும்" என்றார், உண்மையான பரிவோடு.

இணைப்பு அறுந்தது.