கரைந்து போன சாட்சி

போன் அலறியது.

ஹூசும் என்ற கடலோர ஊரின் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கேஷே, இறால் வைத்த ரொட்டியைக் கடிக்கப் போன நேரம். எடுத்தாள்.

"மொயின்," என்று அந்த ஊர் வணக்கம் வைத்தாள். "சொல்லுங்க."

"மேடம், நான் புரொஃபஸர் லோரன்சன். எங்க ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து ஃபிரீடாவைக் கடத்திட்டாங்க..."

"உயிருக்கு ஆபத்தா?"

"வியாழக்கிழமை நானே கொல்றதா இருந்தேன் மேடம்."

ரொட்டி தட்டுக்குத் திரும்பியது.

ஃபிரீடா ஒரு செம்மறி ஆடு. உடைந்த அதன் காலில் புரொஃபஸர் ஒரு மக்னீசியத் திருகாணி போட்டிருந்தார். எலும்பு சேரச் சேர அது தானாகக் கரைய வேண்டும். கழற்ற இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். போன எக்ஸ்ரேயில் பாதி மிச்சமிருந்தது. கடைசியில் ஆட்டைக் கொன்று, காலை வெட்டிப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி வழக்கம். பாவம், ஃபிரீடாவை யாரும் கேட்கவில்லை.

"யார் மேல சந்தேகம்?"

"எங்க கால்நடை டாக்டர் வீப்கே. தினம் அதுக்கு ஆப்பிள் ஊட்டினவ."

கேஷேயும் புரொஃபஸரும் போய்ப் பார்த்தபோது, வீப்கே வீட்டுக் கொல்லையில் ஒரு ஆடு நின்றிருந்தது. காதில் அடையாள அட்டை இல்லை.

"எங்கண்ணன் ஆடு மேடம். கடல் தடுப்புக் கரை மேல மேயறது. அட்டை முள்கம்பியில மாட்டிக் கிழிஞ்சுடுச்சு."

"பொய்!" புரொஃபஸர் குதித்தார். "எக்ஸ்ரே எடுங்க. திருகாணி காட்டிக் கொடுத்துடும்."

வீப்கே ஆட்டின் முன்னால் வந்து நின்றாள். வேலை போனால் போகட்டும்... ஃபிரீடா? ஆனால் எக்ஸ்ரே மெஷின் அவள் வண்டியிலேயே இருந்தது. மறுக்க வழியில்லை.

திரையில் படம் விழுந்தது.

சுத்தமான எலும்பு. விரிசல் இல்லை. திருகாணி இல்லை!

"முடிஞ்சுது," என்றாள் கேஷே. "இது உங்க ஆடு இல்ல."

வீப்கேக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புரொஃபஸர் கண்ணில் பொலபொலவென்று கண்ணீர்.

"கரைஞ்சிடுச்சு... முழுசா கரைஞ்சிடுச்சு மேடம். பதினோரு வருஷ உழைப்பு. இது ஃபிரீடாவேதான்!"

"ஆதாரம்?"

"திருகாணி இல்லையே... அதான் ஆதாரம்!"

கேஷே ஆட்டைப் பார்த்தாள். ஆட்டின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த வீப்கேயைப் பார்த்தாள். பிறகு, கரை மேல் வெள்ளையாய் மேய்ந்துகொண்டிருந்த மந்தையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அதுங்க கால்லயும் திருகாணி இல்ல புரொஃபஸர். அத்தனையையும் ஓட்டிட்டுப் போறீங்களா, இல்ல லாரி சொல்லட்டுமா?"