செவிநடுவனின் ஏழு நிமிடங்கள்

தோழர்களே, வாருங்கள், ஓர் அநீதியைக் கண்ணால் காணுங்கள். நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம் பூமியில் இல்லை. நிலவில், வெண்குன்றம் என்னும் நகரில், தரைக்கடியில் ஐந்தாம் அடுக்கில், ஒலித்தேர்வு மன்றத்தின் வாயிலில் நில்லுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் வரிசையில் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஒரு கட்டியக்காரர் நின்று அதன் குலவரலாற்றை ஓதுகிறார். எந்த இல்லத்தார் செய்தது, அவர்கள் எத்தனை தலைமுறையாக எந்த அடுக்கில் வாழ்கிறார்கள், எந்த இல்லத்து ஆம்ப்ளிஃபயரோடு அது மணம் பொருந்தியது. ஓதுவதற்கு அரைமணி நேரம். கேட்பதற்கு ஏழே நிமிடம். அங்கே இதைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை.

நிலவின் மேற்பரப்பில் கதிர்வீச்சு கொல்லும். ஆகவே அந்த ஊரில் ஆழத்தில் வாழ்பவர் உயர்ந்தோர், மேலே வாழ்பவர் தாழ்ந்தோர். ‘மேலே இருந்து வந்தவன்’ என்பது அங்கே வசைச்சொல். காற்றையும் அவ்வாறே பங்கிட்டார்கள். ஐந்தாம் அடுக்குக்குப் பூமியின் முழுக் காற்றழுத்தம். முதல் அடுக்குக்கு அதில் பாதி. காற்று மெலிந்தால் ஒலியும் மெலியும். பிறந்த நாள் முதல் மெலிந்த இசையையே முதல் அடுக்காருக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குச் செவியே கிடையாது என்று தீர்மானமும் எழுதிவைத்தார்கள்.

அந்த முதல் அடுக்கில் பிறந்தவள் அறிவுக்கொடி. நிலவின் மேற்பரப்புக்கு வேலைக்குப் போய்வருவோர் கடக்கும் காற்றுப்பூட்டு அறையைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. ஒலிபெருக்கி செய்வது அவள் உயிர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் செய்த பெட்டிகள் ஐந்தாம் அடுக்கு இல்லங்களின் பெயர்த்தகடுகளை ஒட்டிக்கொண்டு விலைபோயின. மன்றத்தின் முத்திரை இல்லாமல் எவரும் தம் பெயரைப் பெட்டியில் பொறிக்கக் கூடாது என்பது சட்டம். அந்த முத்திரைக்காகத்தான் அன்று வந்திருந்தாள். தன் பெட்டியில் தன் பெயர். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் வாழ்ந்தே அறியாத காற்றில் ஒலிக்க வேண்டிய பெட்டி அது. வெளிவேலைக் குழு திரும்பும்வரை பூட்டு அறை சும்மா கிடக்கும். அதற்குள் காற்றை முழு அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டாள். இரும்புச் சுவர்கள் அண்டாவைப்போல் முழங்கின. தொழிலாளரின் விண்ணுடைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினாள். காளான் நாரில் கூம்பு வார்த்தாள். பதினோரு ஆம்ப்ளிஃபயர்களைப் பொருத்திப் பார்த்தாள். பெரிய இல்லங்களின் ஐந்நூறு வாட் கருவிகள் குரலின் கழுத்தை நெரித்தன. கடைசியில் பொருந்தியது பதினெட்டு வாட் கண்ணாடி வால்வு ஆம்ப்ளிஃபயர். சூடேறி நிலைகொள்ள அதற்கு எட்டு நிமிடம் வேண்டும். மன்றத்தின் காற்றுக்குழாயைப் பழுதுபார்க்க வந்த நாள்களில் கைதட்டிக் கைதட்டி அந்தக் கூடத்தின் எதிரொலியையும் அளந்துவைத்திருந்தாள். பின்சுவரோரம் பாஸ் என்னும் அடிக்குரல் வீங்கும் என்று அறிந்து, மற்றவர் பெட்டி வைக்கும் இடத்துக்கு இரண்டு முழம் முன்னே தன் பெட்டியை நிறுத்தினாள். கூடமே அவளுக்குப் பாடமாகியிருந்தது.

தீர்ப்பளிப்பது மனிதர் அல்லர்; செவிநடுவன் என்னும் இயந்திரம். நடுவர்கள் அடுக்குப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறார்கள் என்று போராடிய மக்களுக்கு முப்பது ஆண்டுகளுக்குமுன் கிடைத்த வெற்றி அது. இயந்திரத்துக்கு ஏது அடுக்கு என்று மேடைதோறும் முழங்கினார்கள், ஊர் கைதட்டியது. அன்று முதல் இன்றுவரை முதல் அடுக்கின் பெட்டி ஒன்றுகூடத் தேறவில்லை.

குலவரலாற்றுத் தாளைக் கட்டியக்காரர் இயந்திரத்தின் வாயில் செருகினார். விளக்கு எரிந்தது, ஏழு நிமிடம் தொடங்கியது. முதல் ஒலி எழும்போதுதான் நேரக் கணக்கு தொடங்கும் என்று அறிவுக்கொடி எண்ணியிருந்தாள். காது உள்ள எவரும் அப்படித்தானே எண்ணுவார்? ஆம்ப்ளிஃபயரை முடுக்கிவிட்டு, வால்வுகள் சிவக்கும்வரை கைகட்டி நின்றாள்.

கூடத்தில் அறுபது சான்றோர். கண்களை மூடினார்கள். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சிலர் குறிப்பேட்டில் எழுதினார்கள். அவளோடு பெட்டி சுமந்து வந்த சக தொழிலாளி மாசிலாமணி குனிந்து அவள் காதோடு கேட்டார்.

“கொடி, இன்னும் பாட்டே போடலையே. இவங்க எதுக்கு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க?”

“பொறுங்கண்ணே. பார்ப்போம்.”

மணி ஒலித்தது. இயந்திரம் பேசியது: “கீழ்ச்சுருதி தளர்வு. மேற்சுருதியில் கரகரப்பு. குரலில் முதல் அடுக்குக்கே உரிய வறட்சி. தகுதியில்லை.”

மன்றத் தலைவர் ஆலாலசுந்தரம் கனிவோடு எழுந்தார். “வருத்தப்படாதம்மா. உழைப்பு தெரியுது. ஆனா மேல இருந்து வர்ற சத்தம் அப்படித்தான் இருக்கும். அது ரத்தத்துல ஊறினது.”

“எந்தச் சத்தம் ஐயா?”

“இப்பக் கேட்டோமே, அது.”

“நான் இன்னும் போடவே இல்லைங்களே.”

அறுபது பேரும் கண் திறந்தார்கள். இயந்திரத்திடம் எதையும் தாளில் எழுதித்தான் கேட்க வேண்டும்; நீயாவது ஏதேனும் கேட்டாயா என்று அவள் எழுதி அதன் வாயில் செருகினாள். பொய் சொல்ல அதற்குக் கற்றுத்தரப்படவில்லை.

“கேட்கவில்லை. என் ஒலிவாங்கிகளை இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அணைத்துவிட்டேன். பழைய நடுவர்களைப் போலவே தீர்ப்பளி என்பது எனக்கு இட்ட கட்டளை. அவர்களுடைய நாலாயிரம் தீர்ப்புகளைப் படித்தேன். குலவரலாற்றுத் தாளை மட்டும் வைத்தே அத்தனையையும் சரியாகச் சொல்ல முடிந்தது. ஒலியையும் சேர்த்துக்கொண்டபோதுதான் பிழைகள் வந்தன.”

தலைவரின் குறிப்பேட்டில், சற்றுமுன் அவர் கைப்பட எழுதிய வரியில் மை காயவில்லை: ‘இரண்டாம் நிமிடத்தில் வயலின் காதைக் குத்துகிறது.’

எட்டு நிமிடம் நிறைந்தது. அறிவுக்கொடி விசையை அழுத்தினாள். வெளிவேலைக்குப் புறப்படும் ஐந்து பெண்கள் பாடும் பாட்டு எழுந்தது. சொல்லுக்கு முன்னே அவர்கள் இழுத்த மூச்சு கேட்டது. யார் இடப்பக்கம், யார் பின்னால், யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பதெல்லாம் கேட்டது. கூடத்தின் கல்லே சேர்ந்து பாடியது. சான்றோர் தலையாட்டவில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கட்டியக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் தலைவர் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இந்த ஒரு தீர்ப்பைத் திருப்பினா மத்ததையும் திருப்பணும். எங்க இல்லத்துப் பேர்த்தகட்டை ஒட்டிக்கோ. நாளைக்கே முத்திரை வாங்கித் தரேன்.”

“பன்னிரண்டு வருஷமா அதை ஒட்டித்தானே ஐயா உங்களுக்கு அனுப்புறேன். நீங்க மெச்சினது அத்தனையும் மேல இருந்து வந்த சத்தந்தான்.”

அவள் இடுப்பிலிருந்த திருப்புளியை எடுத்து, சட்டம் பார்த்திருக்க, சான்றோர் பார்த்திருக்க, பெட்டியின் முகப்பில் தன் பெயரை ஆழமாகக் கீறினாள்.

“எழுத்து கோணலா இருக்கு,” என்றார் மாசிலாமணி.

“இருக்கட்டும்ணே. என் எழுத்து.”

இருவரும் பெட்டியைச் சுமந்து நிமிர்ந்த தலையோடு முதல் அடுக்குக்கு ஏறினார்கள். மன்றம் அன்றே கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது: இனி இத்தகைய குழப்பம் நேராதிருக்க, இயந்திரத்தின் ஒலிவாங்கிகளைக் கழற்றி எறிய வேண்டும்.

தோழர்களே, சிரிக்கிறீர்கள். செவிநடுவன் இன்னும் செய்யப்படவில்லை. அது படித்துப் பழகப்போகும் நாலாயிரம் தீர்ப்புகளை இன்று எழுதிக்கொண்டிருப்பவர் நீங்கள். கடையில் விலைச்சீட்டைப் பார்த்த பிறகு இனிமை கண்ட செவி உங்களுடையது. வேலை கேட்டு வந்தவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுத் திறமையை அளந்த நாவும் உங்களுடையது. நாளைக் காலை உங்கள் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வரும். அதன் தலைப்பில் உள்ள பெயரையும் ஊரையும் தாளால் மறையுங்கள். எழுதியவரை அழையுங்கள், பேசவிடுங்கள், முழுவதும் கேளுங்கள். அதன் பிறகு எழுதுங்கள் உங்கள் தீர்ப்பை.