பூண்டு வாங்காத வீடு

பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு மணப்பது அதிசயமா? மணக்காவிட்டால்தான், "பெத்தவளுக்குப் பத்தியம் பாக்கக்கூட நாதியில்ல" என்று ஊர் வாய் மெல்லும். ஆனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், இராக்கம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் பூண்டு தீர்ந்து வெகுநாளாகிவிட்டது. பதுளையிலிருந்து சாமான் ஏற்றிவரும் மாட்டுவண்டி, மழையில் மண் சரிந்து வழியிலேயே நின்றுபோனது. அடுப்பில் இருந்தது வெறும் அரிசிக் கஞ்சி. வாசம் மட்டும் தீரவில்லை.

விடியலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி லேசாக இருக்கும். பூனாகலை மலையிலிருந்து மூட்டம் இறங்கி, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே நுழைந்து, பாயை நனைத்து, தலைமுடியை நனைத்து, அடுப்புச் சாம்பலையும் குளிர வைக்கும்போது வாசம் கனத்துவிடும். பானையை முகர்ந்தாள். பாயை முகர்ந்தாள். குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தாள். பக்கத்துக் காம்பரா பூவம்மாவிடம் சொன்னதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பச்சை ஒடம்புக்காரி, ஒன் வேர்வையே பூண்டாத்தான் நாறும். போடி!"

சிரிப்பில் தானும் கலந்துகொண்டாள் இராக்கம்மா. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

மற்றபடி அவளுக்கு என்ன குறை? அந்த லயத்து வரிசையிலேயே வர்ணம் கண்ட காம்பரா அவளுடையதுதான். மற்றதெல்லாம் சுண்ணாம்பும் புகைக்கரியும். அவளுடைய நாலு சுவரும் நாற்றங்கால் மாதிரி பச்சைப்பசேல். பிரசவத்துக்கு முன்பு அண்ணன் மாரிசாமிக் கங்காணி தன் கையாலேயே பூசிக் கொடுத்தது. பச்சைத் தூளைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்து, மூக்கைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒரே நாளில் பூசி முடித்தான். "தாய்மாமன் சீருன்னு வச்சுக்க" என்றான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மன்னார்க் காட்டுவழியில் அப்பனும் ஆத்தாளும் வாந்திபேதியில் போனபின், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மலை ஏறியவன் அவன். சாமிக்கு அடுத்தபடி அவளுக்கு அண்ணன். சில நாள் சாமிக்கும் முந்தி.

புருஷன் ரெங்கசாமி மண் சரிவை வெட்டப் போன கூட்டத்தோடு ஹல்துமுல்லைப் பக்கம் போயிருந்தான். அண்ணன்தான் தினமும் வந்து விசாரித்தான். வாசலோடு நின்று விசாரித்தான். தீட்டு வீடு, ஆம்பிளை உள்ளே வரமாட்டான் என்று நினைத்தாள். தீட்டுக் கழித்துத் தண்ணீர் தெளித்த பிறகும் அவன் வாசலைத் தாண்டவில்லை. மருமகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் எட்டிப் பார்ப்பான். கை நீட்டமாட்டான். கங்காணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும்தானே என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். நம்பிக்கை வைத்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்?

குழந்தைதான் சரியில்லை. குரல் கம்மி, அழுகை காற்றாக வந்தது. கண் ஓரம் சிவந்து பீளை கட்டியது. மார்பில் போட்டால் இரண்டு இழுப்பு, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் கட்டி அவளுக்கு நெஞ்சு வலித்தது. மாரியம்மாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். இந்தப் பிள்ளை பிழைத்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானமே இருட்டிவிட்டது. ஆட்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். லயம் முழுக்க அவளும் குழந்தையும்தான். மலைத் தண்ணீர் பீலிக் குழாய் வழியே விழும் சத்தம். தகரத்தில் தூறல். வேறு ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று நினைத்தாள். வெகுநேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது.

பல்லி சொல்லவில்லை.

வேண்டுதல் முடிந்தபோதும் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. எப்போது கடைசியாகக் கேட்டாள்? அரிசிப் பெட்டியை நகர்த்தினாள். சுவரோரம், மல்லாக்க, வெளிறிய வயிற்றோடு மூன்று பல்லிகள். சுற்றிலும் கரப்பான்கள், அவையும் மல்லாக்க. ஒரு எறும்புகூட அவற்றைத் தேடி வரவில்லை. பெட்டி மறைத்திருந்த சுவரில் பச்சைக்கு மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் மயிர் மயிராக வளர்ந்திருந்தது. அவள் மூச்சுப் பட்டு அது அசைந்தது. குனிந்தாள்.

பூண்டு.

"தங்கச்சி!"

துள்ளி விழுந்தாள். வாசலில் விறகுக் கட்டோடு ஸ்டோர் வேலைக்காரன் முருகையா. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எடுபிடி வேலை செய்கிறவன். கங்காணி கொடுத்தனுப்பினாராம். இரண்டு கையிலும் கந்தல் சுற்றியிருந்தது.

"கையில என்னண்ணே?"

"புண்ணு. ஸ்டோர் ஜன்னலுக்குப் பூசின பச்சத் தூளு, பீப்பாய்ல மிச்சம் கெடந்துச்சு. அள்ளினதுல வந்தது. பாஷாணமாம். ஈரத்துல பூஞ்சணம் பூத்தா பூண்டா நாறுமாம். புதுசா வந்த தொரை, ஆத்துக்கு அந்தாண்ட ஆழமா குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடச் சொன்னாரு. அவர் சொல்லச் சொல்ல ஒங்கண்ணந்தான் எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு. வெட்டினா பூராவும் பாறை. பெறகு அவரே, நான் பொதைச்சுக்கிறேன், நீங்க போங்கன்னு..."

அவன் கண் அவள் தோளைத் தாண்டி உள்ளே போயிருந்தது. விறகை மழையிலேயே போட்டான். இறங்கி மூட்டத்துக்குள் போய்விட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நாலு பக்கமும் பச்சை.

இல்லை. அண்ணன் செய்யமாட்டான். துண்டால் மூக்கைக் கட்டியிருந்தானே. தும்மலுக்கு. இல்லை, தும்மலுக்கு இல்லை. வாசலோடு நின்றானே. தினமும். தெரிந்து. தெரிந்தேதான்.

குழந்தை இருமியது.

குடத்தை எடுத்துச் சுவரில் வீசினாள். முந்தானையால் தேய்த்தாள். அழிந்துவிடும். அழித்துவிடலாம். கஞ்சிப் பசை குழகுழவென்று வழிந்தது. கீழே இன்னும் பச்சை. அதற்கும் கீழே பச்சை. எத்தனை பூச்சு பூசினான்! பீப்பாய் முழுவதையுமா? வாசம் எழுந்து தொண்டையை அடைத்தது. கண் எரிந்தது. குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்து, முந்தானையால் தலையோடு மூடிக்கொண்டு ஓடினாள்.

மழை வலுத்திருந்தது. கங்காணி வீடு லயத்துக்கு மேலே, தனி வீடு. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். மாரிசாமி கதவைத் திறந்தான். உள்ளே அவன் பெண்சாதி லெட்சுமி, நிறைமாதம், விளக்கோடு எழுந்து நின்றாள்.

"மழையில ஏன் வந்த?"

"செவத்துல என்னண்ணே பூசுனீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "பாறை விடல தங்கச்சி. ஆத்துல கொட்டினா ஊரே சாகும். தூளாக் கெடந்தாத்தான் கெடுதி, கஞ்சியில கொழச்சுப் பூசிட்டா ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

"அப்ப ஒங்க செவரு ஏண்ணே வெள்ளையா இருக்கு?"

அவன் கண் பெண்சாதியின் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பார்வையில் அவளுக்கு அண்ணன் செத்துப்போனான். காட்டுவழியில் அவளைச் சுமந்த தோள் இதுதானா? அழக்கூட வரவில்லை.

"பிள்ளைய மட்டுமாச்சும் உள்ள வச்சுக்குங்க" என்றாள். "நான் வெளிய கெடக்கேன்."

லெட்சுமி முன்னே வந்தாள். விளக்கு வெளிச்சம் இராக்கம்மாவின் மேல் விழுந்தது. மாரிசாமி பெண்சாதியைக் கையால் மறித்துப் பின்னே தள்ளினான். அவன் பார்வை தங்கையின் நெஞ்சில் குத்திட்டு நின்றது.

"கிட்ட வராத. சேலை... சேலையப் பாரு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. ஜன்னல் இடுக்கில் விளக்கு வெளிச்சம் மட்டும் மிச்சம்.

குனிந்தாள். சுவரைத் தேய்த்த முந்தானை. மழையில் ஊறி, பிழிந்து, கழுத்திலும் மாரிலும் பச்சை பச்சையாக வழிந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் ஏதோ சூடாக, விடாமல் இழுத்தது.

துணியை விலக்கினாள்.

எத்தனையோ நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளை, தானே மாரைத் தேடிப் பிடித்திருந்தது. உதடு பச்சை. மோவாய் பச்சை. பிடுங்கப் பார்த்தாள். ஈறு இறுகியது. இன்னும் இறுகியது. கண்ணை மூடிக்கொண்டு, அவள் சேலையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மடக் மடக்கென்று அது குடித்தது.