துடைத்த கதவு

"ஐயோ... ஏன் துடைச்சீங்க?"

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இப்படிக் கத்துவோம் என்று அவள் நினைக்கவேயில்லை. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை அது. ஓடி வந்த வேகத்தில் பெயின்டர் மேல் மோத, அவள் கையிலிருந்த அட்டைப்பெட்டி திறந்துகொண்டது. உள்ளிருந்து விழுந்த ராணுவ லாரி பொம்மையை அவன் லபக்கென்று பிடித்துவிட்டான். பிடித்ததோடு விட்டிருக்கலாம்... டிரைவர் கதவில் புழுதியைக் கண்டதும் பழக்க தோஷம், தோளில் கிடந்த, பெயின்டைக் கரைக்கும் தின்னர் நனைத்த துணியால் ஒரே இழுப்பு!

"அழுக்கா இருந்துச்சுங்க..."

"அழுக்கில்ல, பெயின்ட்! மாசக்கணக்கா நான் பூசினது!"

"அழுக்கை எடுக்கத்தாங்க எனக்குச் சம்பளம். அழுக்கை உக்காந்து வரையறவங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சிரிக்கப் பார்த்தான். ஆனால் அந்தப் பெரிய கண்கள்... அவற்றில் வழிந்தது மழை மட்டுமல்ல. அவள் லாரியை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு மழையிலேயே நடந்தாள்.

அது அவள் அண்ணன் ராணுவத்தில் ஓட்டிய லாரியின் அச்சு. லீவு கிடைத்தால் அண்ணன் போன் பண்ண மாட்டான். புழுதி மூடிய லாரியில் தன் கதவை மட்டும் துடைத்து, போட்டோ எடுத்து அனுப்புவான். 'வர்றேன்' என்று அர்த்தம். போன வருஷம் அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அம்மா அழவில்லை. "அது வேற யாரோ... அவன் இன்னும் கதவைத் துடைக்கலயே," என்றாள். இன்றுவரை அதையேதான் சொல்கிறாள். அவன் லாரியைக் கதவுப் புழுதியோடு அப்படியே செய்து கையில் கொடுத்தால், அம்மா ஒரு தடவையாவது அழுதுவிட மாட்டாளா...

வீட்டில் பெட்டியை ஒளிப்பதற்குள் அம்மா உள்ளிருந்த லாரியைப் பார்த்துவிட்டாள்.

"துடைச்சிட்டான்டி! வரான்!"

அண்ணன் கட்டிலுக்கு அம்மா புது விரிப்பு போட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் பட்டறை வாசலில் போய் நின்றாள். "துடைச்சது நீங்கதான்னு எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க." வழியெல்லாம் அண்ணனையும் அந்தக் கதவையும் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அம்மாவின் முன் தரையில் உட்கார்ந்தான். "நான்தாம்மா தெரியாம துடைச்சிட்டேன்... உங்க பையன் இல்லம்மா."

சொன்ன பிறகுதான் அதன் இன்னொரு அர்த்தம் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இல்லையா?" என்றாள் அம்மா. லாரியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "இல்லையா... என் புள்ள இல்லையா..." புது விரிப்பில் முகம் புதைத்து, முதல் முறையாக அழுதாள்.

அடுத்த அறையில், மேஜை விளக்கடியில் அவள் புழுதி நிறம் குழைத்தாள். அவன் போக மனமில்லாமல் அவளையே பார்த்தபடி வாசலோரம் நின்றான்.

"கிளம்புங்க. இந்த வீட்டுல இனிமே எதுவும் புதுசாகாது. என்னையும் துடைச்சுப் பளபளன்னு ஆக்கிடலாம்னு நினைக்காதீங்க."

"ஆக்க மாட்டேன்." அவன் ஒரு அடி உள்ளே வந்தான். "நேத்து உங்க கண்ணைப் பாத்ததுலேருந்து நான் நானா இல்ல... உங்களைப் புதுசாக்க வேணாங்க. பக்கத்துலயே இருந்து நானும் பழசாயிடறேன்... அது போதும்."

உள்ளே அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். இவள் நிமிரவில்லை. லாரியை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க... கதவுக்குப் புழுதி வைக்கணும்."